ஏஹார்ஸும் திசை உணரியும்: கோளாறைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்கும் வழிமுறை

சொந்தமாகக் கட்டிய விமானத்தில் அடிவானக் கோடு சாய்ந்து தெரிந்தாலோ, திசை எண் தவறாகக் காட்டினாலோ, முதலில் கை போவது மெனுவில் இருக்கும் கேலிபிரேஷனுக்குத்தான் (அளவீட்டுத் திருத்தம்). அதைக் கடைசி வேலையாக வையுங்கள். கேலிபிரேஷன் மாறாத பிழையை மட்டுமே கழிக்கும். விளக்கைப் போட்டால் வரும் பிழை, கட்டுப்பாட்டுக் கம்பியை அசைத்தால் வரும் பிழை, எஞ்சின் அதிர்வில் வரும் பிழை எதையும் அது தொடாது. அப்படிப்பட்ட பிழை இருக்கும்போதே கேலிபிரேட் செய்தால் தவறான கணக்கு ஒன்று பெட்டிக்குள் பதிந்துவிடும். அப்புறம் உண்மையான காரணத்தைக் கண்டுபிடிப்பது இரட்டிப்பு வேலை.

இங்கே பேசுவது இரண்டு பெட்டிகளைப் பற்றி. விமானம் எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று கணக்கிட்டுத் திரையில் அடிவானம் காட்டுவது ஏஹார்ஸ் (AHRS). அந்தப் பெட்டிக்குள் சுழற்சியை அளக்கும் மூன்று அச்சு கைரோவும் மூன்று அச்சு முடுக்கமானியும் இருக்கும். பல மாடல்களில் எதிர்க்காற்றின் அழுத்தம் எடுக்கும் பிட்டோ குழாயும், சுற்றுக்காற்றின் அழுத்தம் எடுக்கும் ஸ்டாட்டிக் குழாயும் அதிலேயே வந்து சேரும். மேக்னெட்டோமீட்டர் பூமியின் காந்தப்புலத்தை அளந்து திசை சொல்லும். சில கம்பெனிகள் இரண்டையும் ஒரே பெட்டியில் வைக்கின்றன. தூரம், திருகு முறுக்கம் போன்றவற்றில் உங்கள் பெட்டியின் கையேடு சொல்வதே முடிவு. கையேடு விட்டுவிடும் இடங்களுக்காகவும், வேலூர் பக்கத்துக்கே உரிய சில விஷயங்களுக்காகவும் எழுதியது இது.

கையில் வேண்டியவை: 0.1 டிகிரி காட்டும் டிஜிட்டல் ஆங்கில் மீட்டர், கொத்தனார் வைத்திருக்கும் ட்யூப் மட்டம் 12 மீட்டர், தூக்குக்குண்டு இரண்டு, மல்டிமீட்டர், நூலில் கட்டிய சிறு காந்தம், 20 மில்லி சிரிஞ்சு, ஒரு நோட்டு. பழைய ஆல்கஹால் காம்பஸை டாஷ்போர்டிலிருந்து கழற்றிவிடாதீர்கள். கோளாறு தீரும்வரை பகலில், மேகத்துக்கு வெளியே, கண்ணுக்கு அடிவானம் தெரியும் வானிலையில் மட்டும் பறக்க வேண்டும். இதில் சமரசமே கிடையாது.

தரையில் நிற்கும்போதே அடிவானம் சாய்ந்திருக்கிறது

தரை சாய்வா, சக்கரத்தில் காற்று குறைவா, பெட்டி சாய்வா என்று முதலில் பிரிக்க வேண்டும். ரோல் (பக்கச் சாய்வு) பிழைக்கு எளிய வழி: விமானத்தை ஒரு திசையில் நிறுத்தி எண்ணைக் குறியுங்கள். மெயின் சக்கரங்கள் நின்ற இடத்தில் சாக்பீஸால் குறி போட்டு, விமானத்தை 180 டிகிரி திருப்பி, இடச்சக்கரம் இருந்த இடத்தில் வலச்சக்கரம் வரும்படி நிறுத்தி மறுபடி குறியுங்கள். முதலில் +1.8, பிறகு −0.6 என்று வந்தால் இரண்டையும் கூட்டிப் பாதியாக்குங்கள்: 0.6 டிகிரி விமானத்தோடு கூடவே வரும் பிழை. கழித்துப் பாதியாக்கினால் 1.2 டிகிரி தரையின் சாய்வு. திருப்பிப் பார்க்காமல் முதல் எண்ணை நம்பி ‘ஜீரோ’ அழுத்தியிருந்தால் தரையின் சாய்வையும் சேர்த்து விமானத்துக்குள் ஏற்றியிருப்பீர்கள்.

விமானத்தோடு வரும் பிழையில் டயர் காற்றுக்கும் பங்கு இருக்கலாம். அதனால் அடுத்து விமானத்தை ஜாக்கியில் ஏற்றி, வரைபடம் லெவல் குறி என்று காட்டும் இடத்தில் (பெரும்பாலும் உடலின் நீளவாக்குச் சட்டமான லாஞ்சரான், அல்லது விமானி தலைக்கு மேலுள்ள கண்ணாடி மூடியான கேனப்பியின் ரெயில்) மட்டம் பாருங்கள். இறக்கை மட்டத்துக்கு ட்யூப் மட்டத்தை மிஞ்சிய கருவி இல்லை. 8.5 மீட்டர் இறக்கை அகலத்தில் 1 டிகிரி சாய்வு என்பது 148 மில்லிமீட்டர் உயர வித்தியாசம். ட்யூபில் 2 மில்லிமீட்டர் தப்பாகப் படித்தாலும் பிழை தூசியளவுதான். நடுவில் காற்றுக் குமிழ் நிற்காமல் தண்ணீர் நிரப்புங்கள். ஒரே ஒரு நீளக் குமிழ் போதும், மட்டம் பொய் சொல்லும்.

இப்படி மட்டப்படுத்திய பிறகும் பெட்டி 0.6 காட்டினால், பெட்டியின் அடியில் ஷிம் வையுங்கள். கால்களுக்கு நடுவே 75 மில்லிமீட்டர் தூரம் இருந்தால் 0.6 டிகிரிக்கு 0.8 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு சரியாக வரும். மென்பொருளில் ஜீரோ செய்தால் போதாதா என்றால், ரோலுக்கும் பிட்சுக்கும் (மூக்கின் ஏற்ற இறக்கம்) சிறிய அளவில் போதும். ஆனால் பெட்டியை மேலிருந்து பார்க்கும்போது அது மூக்குத் திசையிலிருந்து இடமோ வலமோ முறுக்கி உட்கார்ந்திருந்தால், நின்ற நிலையில் செய்யும் ஜீரோ அதைப் பார்க்கவே பார்க்காது. 2 டிகிரி முறுக்கு இருந்தால், 30 டிகிரி சாய்ந்து திரும்பும்போது மூக்கு ஒரு டிகிரி ஏறியதாகவோ இறங்கியதாகவோ திரை காட்டும். ‘இடப்பக்கம் திரும்பினால் ஏறுகிறது, வலப்பக்கம் திரும்பினால் இறங்குகிறது’ என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். மூக்கிலும் வாலிலும் தூக்குக்குண்டு விட்டுத் தரையில் நடுக்கோடு இழுத்து, பெட்டியின் விளிம்பை அந்தக் கோட்டோடு ஒப்பிட்டுச் சரிசெய்யுங்கள்.

மூக்கைத் தூக்கினால் திரையில் இறங்குகிறது, அல்லது பிட்ச் அசைத்தால் ரோல் மாறுகிறது

பெட்டி எந்தப் பக்கம் பார்த்து வைக்கப்பட்டிருக்கிறது என்ற செட்டிங் தவறு. கனெக்டர் முன்னால் பார்க்கிறதா பின்னாலா, பெட்டி நிமிர்ந்திருக்கிறதா கவிழ்ந்திருக்கிறதா என்பதைப் பார்த்து மாற்றுங்கள். மாற்றியதும் மேலே சொன்ன மட்ட வேலையை மறுபடி செய்ய வேண்டும்.

மின்சாரம் கொடுத்ததும் ‘அலைன்’ ஆகாமல் நிற்கிறது

கைரோ தன் ஜீரோவைப் பிடிக்க விமானம் அசையாமல் நிற்க வேண்டும். பலத்த காற்றில் இறக்கை ஆடினாலும், யாராவது ஏறி உட்கார்ந்தாலும் அது மறுபடி தொடங்கும். விமானத்தைக் காற்றை நோக்கித் திருப்பி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து மறுபடி முயலுங்கள். ஆடாதபோதும் ஆகவில்லை என்றால் கீழே சொல்லும் சூட்டுப் பிரச்சினையைப் பாருங்கள்.

எஞ்சின் நின்றிருந்தால் சரி, ஓடினால் அடிவானம் நகர்கிறது

இது அதிர்வு. முடுக்கமானி விநாடிக்குக் குறிப்பிட்ட தடவைதான் அளக்கிறது. அந்த வேகத்தோடு ஒட்டிய அதிர்வு வந்தால் பெட்டி அதை மெதுவான சாய்வாக எடுத்துக்கொள்ளும். அதனால் கோளாறு ஏதோ ஒரு ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) மட்டும் வரும். 100 சுற்று கூட்டினாலோ குறைத்தாலோ மறைந்துவிடும். எந்த ஆர்பிஎம் என்று நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், அதுதான் துப்பு. ரோட்டாக்ஸ் 912 யுஎல்எஸ் எஞ்சினில் கியர் விகிதம் 2.43. எஞ்சின் 5000 சுற்றில் ஓடினால் புரொப்பெல்லர் 2058 சுற்று, அதாவது விநாடிக்கு 34 தடவை அதிரும். கிராங்க் ஷாஃப்ட் 83 தடவை.

முதலில் பெட்டி உட்கார்ந்திருக்கும் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். தகடு உள்ளே போய் ‘டொக்’ என்று வெளியே வந்தால் அது பெட்டிக்கு உரிய இடமே இல்லை. இருபுறமும் ரிவெட் அடித்த ஸ்பாரிலோ (இறக்கையின் முதுகெலும்புச் சட்டம்) பல்க்ஹெட்டிலோ (உடலின் குறுக்குத் தடுப்பு), 1.6 மில்லிமீட்டர் அலுமினிய ஆங்கிள் கொடுத்த தனி அலமாரியில் மாற்றுங்கள். அடியில் ரப்பர் புஷ் போட்டால் அதிர்வு போய்விடும் என்று நினைக்க வேண்டாம். கையேடு சொல்லாமல் ரப்பர் வைத்தால் பெட்டி தன் போக்கில் ஆடும். அதிர்வு தணிவதற்குப் பதில் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் பெருகும். நல்ல இடத்தில் இறுக்கியும் தீராவிட்டால் புரொப்பெல்லரை டைனமிக் பேலன்ஸ் செய்யுங்கள். அதிர்வின் வேகத்தை விநாடிக்கு 0.2 அங்குலத்துக்குக் கீழ் கொண்டுவருவது குறைந்தபட்சம், 0.07-க்குக் கீழ் வந்தால் நல்ல பேலன்ஸ்.

கேபிளையும் பாருங்கள். கனெக்டருக்கு 5 சென்டிமீட்டர் தள்ளி ஒயரைக் கட்டாமல் விட்டால், ஆடும் ஒயரே பெட்டியை இழுத்து அசைக்கும்.

நேராகப் பறந்தால் சரி, நீண்ட திருப்பம் முடித்து நிமிர்ந்தால் அடிவானம் எதிர்ப்பக்கம் சாய்ந்து கிடக்கிறது

இதில் பெரும்பாலும் ஏஹார்ஸ் குற்றவாளி இல்லை. ஒழுங்காகச் சாய்த்துத் திரும்பும் விமானத்தில் டம்ளர் தண்ணீர் சிந்தாது. அதே காரணத்தால் முடுக்கமானிக்கும் ‘கீழே’ என்பது விமானத்தின் தரைப்பலகை இருக்கும் பக்கம்தான். 30 டிகிரி சாய்விலும் தான் மட்டமாக இருப்பதாகவே அது நினைக்கும், எடை மட்டும் 1.15 மடங்காகத் தெரியும். கைரோ அதைத் திருத்தும். ஆனால் கைரோ மெல்ல நழுவும் என்பதால், விமானத்தின் வேகத்தை வைத்துத் திருப்பத்தின் முடுக்கத்தைப் பெட்டி கழிக்க வேண்டும். பல மாடல்கள் அந்த வேகத்தைப் பிட்டோவிலிருந்து எடுக்கின்றன, சில ஜிபிஎஸ்ஸிலிருந்து. வேகம் தவறாக வந்தால் கழிப்பதும் தவறும். திருப்பம் நீள நீள அடிவானம் மட்டத்தை நோக்கி ஊர்ந்து, நிமிர்ந்தவுடன் எதிர்ப்பக்கம் சாயும்.

ஆகவே தேட வேண்டியது பிட்டோவில். நம் ஊரில் முதல் சந்தேகம் குளவி. மூடாமல் விட்ட பிட்டோவில் மண்ணை அடைத்துக் கூடு கட்ட அதற்கு ஓரிரு நாள் போதும். சிவப்பு நாடா தொங்கும் உறை போடாமல் விமானத்தை விட்டுப் போகவே கூடாது. அடைப்பை எடுக்கும்போது பெட்டியின் முனையில் குழாயைக் கழற்றிவிட்டு, பெட்டிப் பக்கத்திலிருந்து பிட்டோ வாய்ப்பக்கம் ஊதுங்கள். குழாய் பெட்டியில் மாட்டியிருக்கும்போது கம்ப்ரஸர் காற்றை விட்டால் உள்ளே இருக்கும் பிரஷர் சென்சர் கிழிந்துவிடும்.

அடுத்து கசிவு. ட்யூப் மட்டத்தின் ட்யூபையே யூ வடிவில் மடித்துச் சுவரில் கட்டி, பாதி தண்ணீர் நிரப்பினால் அதுவே அழுத்தமானி. பிட்டோ வாயில் ரப்பர் ட்யூபை இறுக மாட்டி, அதை யூ ட்யூபின் ஒரு முனையோடும் சிரிஞ்சோடும் இணைத்து, பிட்டோவின் அடியில் வடிகால் துளை இருந்தால் டேப் ஒட்டி, சிரிஞ்சால் மெல்ல அழுத்துங்கள். இரண்டு பக்கத் தண்ணீரின் உயர வித்தியாசம் 59 மில்லிமீட்டர் ஆனால் திரையில் 60 நாட் வர வேண்டும், 106 மில்லிமீட்டருக்கு 80, 165-க்கு 100. அழுத்தத்தை அப்படியே பிடித்து ஒரு நிமிடம் நில்லுங்கள். எண் இறங்கிக்கொண்டே வந்தால் கசிவு இருக்கிறது. தண்ணீர் பிட்டோவை விடத் தாழ்ந்த மட்டத்திலேயே இருக்கட்டும். ஒரு சொட்டு உள்ளே போனாலும் குழாய் முழுவதும் கழற்ற வேண்டி வரும். ஸ்டாட்டிக் பக்கத்துக்கு எதிர் வேலை: சிரிஞ்சால் மிக மெதுவாக இழுத்து ஆல்டிமீட்டர் (உயரமானி) 1000 அடி கூடியதும் மூடுங்கள். ஒரு நிமிடத்தில் 100 அடிக்கு மேல் இறங்கக் கூடாது. வாயால் உறிஞ்சாதீர்கள், ஏறும் வேகம் காட்டும் முள் ஒரே இழுப்பில் கெட்டுவிடும்.

வேகம் சுழியிலேயே நின்றால் பிட்டோ, ஸ்டாட்டிக் இரண்டு குழாயும் பெட்டியில் மாறிப் பொருத்தப்பட்டிருக்கலாம்.

சரிசெய்தபின் சோதனை: 80 நாட், 30 டிகிரி சாய்வு. ஒரு முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ 46 விநாடி ஆகும். மூன்று சுற்று தொடர்ந்து போய், கண்ணால் அடிவானம் பார்த்து நிமிர்த்தி, திரையைப் பாருங்கள். பிறகு எதிர்ப்பக்கம் அதே மூன்று சுற்று. அரக்கோணத்தில் ராஜாளி கடற்படை விமானத்தளம் இருப்பதால், பழைய வட ஆர்க்காட்டின் கிழக்குப் பக்கம் எந்த இடத்தில் எந்த உயரத்தில் சுற்றலாம் என்பதை அனுமதியோடு முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

திசை எண் தவறு

அதிகப் புகார் வருவது இங்கேதான். கையேடுகளில் வரும் எண்கள் ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் மனத்தில் வைத்து எழுதியவை என்பதால் குழப்பமும் இங்கேதான்.

காந்த நடுக்கோடு, அதாவது பூமியின் காந்தப்புலம் சரிவே இல்லாமல் படுத்திருக்கும் கோடு, தமிழ்நாட்டின் தென்முனைப் பக்கமாகப் போகிறது. அதனால் வேலூரில் பூமியின் காந்தப்புலம் கிட்டத்தட்டப் படுத்தே கிடக்கிறது: கீழ்நோக்கிய சரிவு சுமார் 10 டிகிரி, கிடைமட்ட வலு சுமார் 40 மைக்ரோடெஸ்லா. லண்டனில் சரிவு 66 டிகிரி அளவு, கிடைமட்ட வலு 20-ஐ எட்டாது. இதனால் நமக்கு ஒரு லாபமும் ஒரு ஏமாற்றமும் உண்டு. லாபம்: அதே இரும்பு அங்கே தரும் திசைப் பிழையில் பாதிதான் இங்கே தரும். ஏமாற்றம்: மேக்னெட்டோமீட்டரைச் சாய்வாகப் பொருத்திவிட்டால் அங்கே ஒரு டிகிரி சாய்வுக்கு 2 டிகிரிக்கு மேல் திசை தவறி உடனே தெரிந்துவிடும். இங்கே 0.2 டிகிரிகூட வராது. தவறு மறைந்தே இருக்கும். சரிவு 40 டிகிரியைத் தாண்டும் டெல்லிப் பக்கம் விமானத்தைக் கொண்டுபோகும் நாளில்தான் வெளியே வரும். ஆகவே திசை சரியாகக் காட்டுகிறதே என்று விடாமல், மேக்னெட்டோமீட்டரின் மட்டத்தையும் ஏஹார்ஸ் பெட்டியின் மட்டத்தையும் மீட்டர் வைத்து ஒப்பிட்டு ஒரு டிகிரிக்குள் வையுங்கள்.

*இடம் தேர்வு.* தகரக் கொட்டகையிலிருந்தும் நிறுத்திய வண்டிகளிலிருந்தும் 30 மீட்டர் தள்ளிய வெறும் மண்தரை வேண்டும். கம்பி கட்டிய கான்கிரீட் தளம் ஆகாது. இரும்புக் கேசிங் இறக்கிய போர்வெல், அடிபம்பு பக்கத்தில் இருந்தாலும் ஆகாது. இந்தப் பக்கத்துக் கருங்கல்லில் காந்தத் தாது கலந்த வகைகள் உண்டு, ஆகவே பாறை முகடு தெரியும் இடத்தையும் தவிருங்கள். இடம் சுத்தமா என்று பார்க்க: தூரத்தில் பாலமதி மலை உச்சி போல ஒரு குறியை வைத்து, கைக்காம்பஸால் அதன் திசையைப் படித்துக்கொண்டே அதை நோக்கி நேராக 30 மீட்டர் நடங்கள். எண் மாறாமல் இருக்க வேண்டும். நடுவில் ஆடினால் மண்ணுக்கடியில் ஏதோ இருக்கிறது.

*வடக்குக் கோடு.* மொபைல் காம்பஸ் இதற்கு உதவாது. மொபைல் ஜிபிஎஸ்ஸில் 100 மீட்டர் தள்ளி இரண்டு புள்ளி எடுத்தாலும் 3, 4 டிகிரி தவறும். காந்தமே இல்லாத முறை ஒன்று நம்மிடம் இருக்கிறது. கோயில் மனைக்குத் திசை எடுக்க ஸ்தபதிகள் நடும் சங்கு என்ற நிழல் குச்சி. ஒரு மீட்டர் குச்சியைத் தூக்குக்குண்டு பார்த்து நேராக நட்டு, அதை மையமாக வைத்து 1.5 மீட்டர் ஆரத்தில் வட்டம் போடுங்கள். காலையில் நிழல் நுனி வட்டத்தைத் தொட்டு உள்ளே வரும் இடமும், பிற்பகலில் தொட்டு வெளியே போகும் இடமும் இரண்டு புள்ளிகள். அவற்றைச் சேர்த்தால் கிழக்கு மேற்கு. அதற்குச் செங்குத்து வடக்கு தெற்கு. நிதானமாகச் செய்தால் அரை டிகிரிக்குள் வரும். உச்சி வெயில் நிழலை வைத்து வடக்கு எடுக்கப் பார்க்காதீர்கள். ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் வேலூரில் சூரியன் நேர் தலைக்கு மேல் வரும். அந்த இடைப்பட்ட மாதங்களில் உச்சி நிழல் தெற்கே விழும். இப்படிக் கிடைப்பது உண்மை வடக்கு. காந்த வடக்கு இங்கே அதற்கு மேற்கே ஒன்றிரண்டு டிகிரி தள்ளி இருக்கிறது. அன்றைய தேதிக்குரிய அளவை உலகக் காந்த மாதிரிக் கணிப்பானில் எடுத்துக் கோட்டைத் திருத்துங்கள்.

*எட்டுத் திசை அட்டவணை.* எஞ்சின் ஓட, வழக்கமாகப் பறக்கும்போது போடும் மின்சாதனங்கள் எல்லாம் போட்டு, 45 டிகிரிக்கு ஒரு தடவை நிறுத்தி எண் எடுங்கள். உண்மையான காந்தத் திசையிலிருந்து திரை காட்டுவதைக் கழித்தால் பிழை. உதாரணமாக இப்படி வந்தது என்று வைத்துக்கொள்வோம்: வடக்கு +3, வடகிழக்கு +6, கிழக்கு +7, தென்கிழக்கு +5, தெற்கு +1, தென்மேற்கு −2, மேற்கு −3, வடமேற்கு −1.

எட்டையும் கூட்டினால் 16, எட்டால் வகுத்தால் 2. எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி வரும் இந்த 2 டிகிரி இரும்பால் வந்ததல்ல. சென்சர் இடப்பக்கம் 2 டிகிரி முறுக்கி உட்கார்ந்திருக்கிறது. திருகைத் தளர்த்தி, மேலிருந்து பார்க்க வலச்சுற்றாக 2 டிகிரி திருப்புங்கள். கிழக்கிலிருந்து மேற்கைக் கழித்துப் பாதியாக்கினால் 5: இது விமானத்தின் நீளவாக்கில், சென்சருக்கு முன்னாலோ பின்னாலோ இருக்கும் நிலையான காந்தம். 40 மைக்ரோடெஸ்லாவில் 5 டிகிரி என்றால் 3.5 மைக்ரோடெஸ்லா. வடக்கிலிருந்து தெற்கைக் கழித்துப் பாதியாக்கினால் 1: பக்கவாட்டில் அவ்வளவாக ஒன்றும் இல்லை. ஆகத் தேட வேண்டியது முன்னும் பின்னும். வடகிழக்கையும் தென்மேற்கையும் கூட்டி, அதிலிருந்து மற்ற இரண்டு மூலைகளின் கூட்டுத்தொகையைக் கழித்து நான்கால் வகுத்தால் இங்கே சுழி. அது 2, 3 என்று வந்திருந்தால், தானே காந்தமாக இல்லாமல் பூமியின் புலத்தை வளைக்கும் பெரிய இரும்பு ஒன்று அருகில் இருக்கிறது என்று பொருள். 4130 எஃகுக் குழாயில் பற்றவைத்த ஃப்யூஸலாஜ்களில் இது சகஜம். அங்கே சென்சரை இறக்கைக்குக் கொண்டுபோவதைத் தவிர வேறு வழி தேடி நேரம் போக்க வேண்டாம்.

*ஒளிந்திருக்கும் இரும்பு.* கடையில் ‘எஸ்.எஸ்.’ என்று கேட்டு வாங்கும் திருகுகளில் பல காந்தத்தில் ஒட்டும். நல்ல 304 தரம்கூட மரை உருட்டியதும் லேசாகக் காந்தம் பிடிக்கும். நூலில் கட்டிய காந்தத்தை ஒவ்வொரு திருகின் அருகிலும் தொங்கவிடுங்கள், இழுத்தால் தூக்கிப் போடுங்கள். சென்சரைப் பிடிக்க எம்4 பித்தளைத் திருகு போதும். பலர் மறப்பது இறக்கை முனையின் மூடியைப் பிடிக்கும் நட் ப்ளேட்டுகளை. அவை பெரும்பாலும் முலாம் பூசிய எஃகு. எய்லரானின் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பலகை) முன்விளிம்பில் எதிர்எடையாக எஃகுக் குழாய் வைக்கும் வடிவமைப்புகளும் உண்டு. காந்தமேறிய பாகத்தைக் கழற்ற முடியாவிட்டால் டீகாஸிங் காயிலால் காந்தம் நீக்கலாம். மேக்னெட்டோமீட்டரை முதலில் கழற்றி எடுத்துவிடுங்கள். காயிலை ஓடவிட்டபடியே மெல்ல ஒன்றரை மீட்டர் பின்வாங்கிய பிறகே ஸ்விட்சை அணையுங்கள். பக்கத்தில் வைத்தே அணைத்தால் முன்னைவிட அதிகமாகக் காந்தம் ஏறும்.

விளக்குப் போட்டால் திசை குதிக்கிறது

ஒயரில் ஓடும் மின்சாரமே காந்தம். கணக்கு எளிது: ஆம்பியரை 0.2-ஆல் பெருக்கி, மீட்டரில் உள்ள தூரத்தால் வகுத்தால் மைக்ரோடெஸ்லா. 12 வோல்ட், 100 வாட் லேண்டிங் விளக்கு 8 ஆம்பியருக்குச் சற்று மேல் இழுக்கும். அதன் ஒற்றை ஒயர் சென்சருக்கு 25 சென்டிமீட்டர் தூரத்தில் போனால் 6.4 மைக்ரோடெஸ்லா, அதாவது 9 டிகிரிவரை பிழை. எர்த்தை இறக்கைத் தகட்டிலேயே கொடுத்துவிட்டு ஒற்றை ஒயர் மட்டும் இழுத்த விமானங்களில் இது தவறாமல் வரும். மைனஸ் ஒயரையும் பேனல் வரை தனியாக இழுத்து, இரண்டையும் முறுக்கிக் கொண்டுபோங்கள். இரண்டும் 5 மில்லிமீட்டர் இடைவெளியில் ஒட்டிப் போனாலே பிழை 0.2 டிகிரியாகச் சுருங்கும்; முறுக்கினால் அதுவும் போகும்.

சோதிக்கும் விதம்: விமானத்தை அசையாமல் நிறுத்தி, லேண்டிங் விளக்கு, நேவ் விளக்கு, ஸ்ட்ரோப், பிட்டோ ஹீட், ஃபிளாப் மோட்டார், ஆட்டோபைலட் சர்வோ என்று ஒவ்வொன்றாகப் போட்டு அணையுங்கள். கிழக்கு நோக்கி ஒரு தடவை, வடக்கு நோக்கி ஒரு தடவை. ஒரே திசையில் மட்டும் பார்த்தால் பாதிப் பிழை கண்ணில் படாது, ஏனெனில் அந்தத் திசைப் புலத்தோடு ஒரே கோட்டில் வரும் இடையூறு எண்ணை மாற்றாது. பிறகு கன்ட்ரோல் ஸ்டிக்கையும் ரட்டரையும் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை அசையுங்கள். எதற்கும் 2 டிகிரிக்கு மேல் எண் மாறக் கூடாது. ஸ்டிக் அசைவுக்கு மாறினால் சென்சர் அருகே எஃகுத் தண்டோ கேபிளோ போகிறது. சென்சர் இடம் மாற வேண்டும்.

மட்டமாகப் பறந்தால் திசை சரி, சாய்ந்தால் தவறு

சென்சரின் செங்குத்து அச்சில் படும் இடையூறு. தரையில் வட்டமாகச் சுற்றிச் செய்யும் கேலிபிரேஷன் செங்குத்து அச்சைத் தொடுவதே இல்லை. 5 மைக்ரோடெஸ்லா மேலும் கீழுமாக இருந்தால் மட்டத்தில் பிழை சுழி. 30 டிகிரி சாய்ந்ததும் அதில் பாதி கிடைமட்டத்தில் இறங்கி மூன்றரை டிகிரி தவறும். பெட்டி ஒவ்வொரு அச்சின் அளவையும் தனியாகக் காட்டுமானால், வேலூரில் மட்டமாக நிற்கும் விமானத்தில் செங்குத்து எண் கீழ்நோக்கி 7, 8 மைக்ரோடெஸ்லா அளவில் இருக்க வேண்டும். 15 என்றோ எதிர்க்குறியிலோ வந்தால் சென்சருக்கு நேர் மேலும் நேர் கீழும் தேடுங்கள். எதிர்க்குறி வந்தால் சென்சரே கவிழ்ந்து பொருத்தப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

திரையில் சிவப்புக் குறுக்குக்கோடு

பெட்டி பேசவில்லை. கேன் பஸ் (பல பெட்டிகள் இரண்டு ஒயரில் பேசிக்கொள்ளும் தொடர்பு) இணைப்பு என்றால் மின்சாரத்தை முழுவதும் அணைத்து, ஹை, லோ ஒயர்களுக்கு நடுவே மல்டிமீட்டர் வையுங்கள். 60 ஓம் வந்தால் இரண்டு முனையிலும் டெர்மினேட்டர் சரி. 120 என்றால் ஒன்று இல்லை. 40 என்றால் மூன்றாவது ஒன்று நடுவில் தவறி மாட்டப்பட்டிருக்கிறது. சுழிக்கு அருகில் வந்தால் ஒயர் ஷார்ட். ஆர்எஸ்-232 இணைப்பில் அனுப்பும் ஒயரும் பெறும் ஒயரும் மாறியிருப்பதே முதல் சந்தேகம். டி-சப் கனெக்டரில் ஒவ்வொரு பின்னையும் மெல்ல இழுத்துப் பாருங்கள். சரியாகக் கிரிம்ப் ஆகாத பின் கையோடு வந்துவிடும். ஒயர் 22 கேஜ் டெஃப்செல்லாக (சூடு தாங்கும் உறை கொண்ட விமான ஒயர்) இருக்கட்டும். ஆட்டோ எலெக்ட்ரிகல் கடையின் பிவிசி ஒயர் சூட்டில் இளகும், தீப்பிடித்தால் நச்சுப்புகை விடும்.

ஸ்டார்ட்டர் சுழலும்போது மட்டும் குறுக்குக்கோடு வந்து போனால் பேட்டரி வோல்ட் இறங்கிப் பெட்டி ரீஸ்டார்ட் ஆகிறது. எஞ்சின் ஓடத் தொடங்கிய பிறகு பெட்டிக்கு மின்சாரம் கொடுங்கள், அல்லது பேக்கப் பேட்டரி சேருங்கள்.

காலையில் சரி, மதியம் அடிவானம் மெல்ல நழுவுகிறது

கைரோவின் ஜீரோ வெப்பத்தோடு நகரும். கம்பெனி அதைத் திருத்தித்தான் அனுப்புகிறது, ஆனால் குறிப்பிட்ட வெப்ப எல்லைக்குள் மட்டும். மே மாதத்தில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டும் நாளில், வெயிலில் நிற்கும் கேனப்பிக்குள் கிளேர்ஷீல்டின் (டாஷ்போர்டின் மேல்மூடி) அடியில் இருக்கும் பெட்டி அதைவிட வெகு அதிகமாகச் சுடும். பெட்டியை அங்கிருந்தும், எஞ்சினைப் பிரிக்கும் தடுப்பான ஃபயர்வாலிலிருந்தும் விலக்கி, இருக்கைக்குப் பின்னால் நிழலான இடத்துக்கு மாற்றுங்கள். நிறுத்தும்போது கேனப்பிக்கு வெள்ளைத் துணி உறை போடுங்கள். கொதிக்கும் பெட்டியை ஆன் செய்து அந்த நிலையிலேயே ஜீரோ செய்யாதீர்கள். பறக்கும்போது காற்றில் குளிர்ந்ததும் அந்த ஜீரோ பொய்யாகும்.

ரேடியோ பட்டனை அழுத்தினால் அடிவானம் துள்ளுகிறது

ஆன்டெனா கேபிளின் உறை எங்கோ எர்த் ஆகவில்லை, அல்லது அந்தக் கேபிள் ஏஹார்ஸ் ஒயரோடு ஒரே கட்டில் போகிறது. இரண்டையும் பிரித்து வேறு வேறு பக்கமாக இழுங்கள். பிஎன்சி கனெக்டரைத் திறந்து பின்னல் உறை முழுதும் கிரிம்பில் சிக்கியிருக்கிறதா பாருங்கள். ஆன்டெனாவின் அடித்தகட்டில் பெயின்டைச் சுரண்டி உலோகத்தோடு உலோகம் தொடச் செய்யுங்கள். ஏஹார்ஸ் ஒயரின் ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள். பிறகு 118-லிருந்து 136 மெகாஹெர்ட்ஸ் வரை தாழ்வு, நடு, உயர்வு என மூன்று இடத்தில் சோதியுங்கள். ஒன்றில் துள்ளாதது இன்னொன்றில் துள்ளும்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் கேலிபிரேஷன். அது முடிந்ததும் எட்டுத் திசையும் மறுபடி எடுத்து, தேதியோடு லாக் புத்தகத்தில் எழுதி, அட்டையொன்றில் காம்பஸின் கீழே ஒட்டுங்கள். எஞ்சின், ரேடியோ, பேட்டரி, இறக்கை விளக்கு, சென்சர் அருகில் ஒரே ஒரு திருகு மாற்றினாலும் அந்த அட்டை செல்லாது. மண்தரைக்குப் போய்ப் புதிது எடுக்க வேண்டும்.